ஓபன்எஸ்எஸ்எல் தன் கட்டமைப்புகளை மூடியபோது

இணைய இணைப்புகளை மறையாக்கம் செய்யப் பல நிரல்கள் பயன்படுத்தும் ஓபன்எஸ்எஸ்எல் நிரலகத்தின் 1.1.0 பதிப்பு 2016 ஆகஸ்ட் 25 அன்று வெளியானது. அதுவரை தடையின்றிக் கம்பைல் ஆகிவந்த சி நிரல்கள் பல, புதிய பதிப்பின் பெயர்களையும் வகைகளையும் அறிவிக்கும் ஹெடர் கோப்புகளோடு சேர்ந்தபோது ஒரே மாதிரியான பிழையோடு நின்றுவிட்டன. முழு வரையறை தெரியாத ‘முழுமையற்ற வகை’ ஒன்றின் புலத்தை, அதாவது அதன் உட்கூறு ஒன்றைத் தொட முயல்வதாகக் கம்பைலர் தெரிவித்தது. ஆர்எஸ்ஏ மறையாக்கத் திறவுகோலிலிருந்து அதன் ஒரு பகுதியான மாடுலஸ் எண்ணை நேரடியாக எடுத்த வரி, சான்றிதழின் கட்டமைப்புக்குள் நுழைந்து ஒரு புலத்தைப் படித்த வரி, ஹாஷ் (தரவின் சுருக்க அடையாளம்) கணக்கிடுவதற்கான இடத்தை ஸ்டாக்கில் (செயற்கூறு ஓடி முடியும்வரை மட்டும் நிலைக்கும் நினைவகப் பகுதியில்) ஒதுக்கிய வரி என ஒவ்வொன்றாக விழுந்தன. இது கவனக்குறைவால் நேர்ந்ததன்று. பல ஆண்டுகளாக வெளியே திறந்து கிடந்த தங்கள் உள்வகைகளை, அதாவது உள்வேலைக்கான தரவுக் கட்டமைப்புகளை, அந்த நிரலகத்தைப் பராமரிப்பவர்கள் தெரிந்தே உள்ளே எடுத்துக்கொண்டார்கள். அப்படிச் செய்ய என்ன தேவை இருந்தது, அதற்கு யார் என்ன விலை கொடுத்தார்கள், மூடிய பிறகும் எந்த இடுக்குகள் வழியாக உள்வகைகள் வெளியே கசிகின்றன என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

லைப்ரரி என்று நாம் பேச்சில் சொல்லும் நிரலகம், தன்னைப் பயன்படுத்தும் நிரல்களிடம் இரண்டு விதமான வாக்குறுதிகளைத் தருகிறது. ஹெடர் கோப்பில் உள்ள பெயர்களும் செயற்கூறுகளும் மாறாதிருந்தால் பழைய மூல நிரல் மறுபடியும் கம்பைல் ஆகும் என்பது முதலாவது. ஏற்கெனவே கம்பைல் செய்து வைத்திருக்கும் நிரல், புதிய பகிர்வு நிரலகத்தோடு அப்படியே ஓடும் என்பது இரண்டாவது. முதலாவதை எல்லோரும் கவனிக்கிறார்கள். இரண்டாவதுதான் உள்வகைகள் வெளியே தெரியும்போது முதலில் உடைகிறது. ஒரு கட்டமைப்பின் முழு வரையறையும் ஹெடரில் இருந்தால், அதன் மொத்த அளவும் ஒவ்வொரு புலமும் எத்தனையாவது பைட்டில் தொடங்குகிறது என்பதும் பயனர் நிரலின் இயந்திர நிரலுக்குள் வெறும் எண்களாகப் பதிந்துவிடுகின்றன. அந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்பது கம்பைல் முடிந்தபின் யாருக்கும் தெரியாது. நிரலக ஆசிரியர் நடுவில் ஒரு புலத்தைச் சேர்த்தால், பழைய நிரல் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் தவறான இடத்தைப் படிக்கும். சில வேளை தவறான இடத்தில் எழுதவும் செய்யும். திறவுகோல்களைக் கையாளும் ஒரு நிரலகத்தில் இது எத்தகைய ஆபத்து என்பதைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

ஓபன்எஸ்எஸ்எல்லின் 1.0.2 பதிப்பில் ஹாஷ் கணக்கீட்டின் இடைநிலையை வைத்திருக்கும் கட்டமைப்பை எடுத்துக்கொள்வோம். அதில் ஆறு புலங்கள் இருந்தன; 64-பிட் லினக்ஸில் அது 48 பைட். பயனர்கள் அதைத் தங்கள் செயற்கூற்றுக்குள் ஓர் உள்ளூர் மாறியாக அறிவித்து, அதன் முகவரியை நிரலகத்திடம் கொடுப்பது அன்றைய இயல்பான வழக்கம். ஆகவே ஸ்டாக்கில் 48 பைட் ஒதுக்கு என்ற ஆணை நிரலகத்தில் இல்லை. உலகெங்கும் பரவிக் கிடந்த பயனர் நிரல்களில் இருந்தது. ஏழாவதாக ஒரு புலத்தைச் சேர்த்தால், புதிய நிரலகம் 56 பைட்டை நிரப்ப முயலும். பழைய நிரல் ஒதுக்கியதோ 48 மட்டுமே. மிஞ்சிய எட்டு பைட்டும் ஸ்டாக்கில் பக்கத்தில் இருக்கும் வேறெதன் மீதோ விழும்.

இந்தக் கட்டு எவ்வளவு இறுக்கமானது என்பதை அந்த நிரலகத்தின் பகிர்வுக் கோப்புப் பெயரே காட்டியது. 1.0.0, 1.0.1, 1.0.2 ஆகிய மூன்று தொடர்களும் 1.0.0 என்ற ஒரே பைனரி அடையாளத்தோடு வெளிவந்தன. அதாவது, 1.0.0 காலத்தில் கம்பைல் ஆன நிரல், 2015 ஜனவரியில் வெளியான 1.0.2 உடனும் ஓடியாக வேண்டும். நிரலகமே எப்போதும் ஒதுக்கித் தரும் கட்டமைப்புகளில் புதிய புலங்களைக் கடைசியில் ஒட்ட முடிந்தது. பயனரே ஒதுக்கும் கட்டமைப்புகளில் அதுவும் முடியாது. தேவையற்றுப்போன புலத்தை நீக்க முடியாது, பெயர் மாற்ற முடியாது, இரண்டு புலங்களின் வரிசையைக்கூட மாற்ற முடியாது. 2014 ஏப்ரலில், கணினி நினைவகத்தில் உள்ளதை வெளியே கசியவிட்ட ஹார்ட்பிளீட் குறைபாடு தெரியவந்தபின் அந்த நிரலகத்தைத் துப்புரவு செய்ய வேண்டும் என்ற குரல் வலுத்தது. அந்தக் குறைபாடு நீளத்தைச் சரிபார்க்காததால் வந்தது, திறந்த கட்டமைப்புகளால் வந்ததன்று. ஆனால் துப்புரவு வேலையைத் தொடங்கியவர்களின் கையைக் கட்டிப்போட்டவை இந்தத் திறந்த கட்டமைப்புகளே.

மாறக்கூடிய முடிவு ஒவ்வொன்றையும் ஒரு தொகுதிக்குள் வைத்துப் பிற தொகுதிகளிடமிருந்து மறைக்க வேண்டும் என்று கணினி அறிஞர் டேவிட் பார்னஸ் 1972ஆம் ஆண்டிலேயே எழுதினார். நிரலை அதன் வேலை நடக்கும் படிநிலைகளின்படி பிரிப்பதைவிட, எந்த முடிவு பின்னால் மாறலாம் என்பதன்படி பிரிப்பதே மேல் என்பது அக்கட்டுரையின் வாதம். மறைத்தல் என்ற சொல்லைக் கேட்டதும், எதையோ பயனரிடமிருந்து பிடுங்குகிறார்கள் என்ற எண்ணம் இன்றும் பலருக்கு எழுகிறது. திறந்த மூல நிரலகத்தில் யாரும் எதையும் படிக்கலாம். இங்கே கேள்வி படிப்பதைப் பற்றியதே இல்லை. நாளை இந்தப் புலத்தை மாற்ற யாரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்பதுதான் கேள்வி. உள்வகை வெளியே தெரிந்தால், முகம் தெரியாத எல்லாப் பயனர்களிடமும் கேட்க வேண்டும். தெரியாவிட்டால், அதே கோப்பகத்தில் வேலை செய்யும் சிலரிடம் கேட்டால் போதும்.

சி மொழியில் இதைச் செய்யும் வழி மிக எளியது. ஹெடர் கோப்பில் கட்டமைப்பின் பெயரை மட்டும் அறிவித்து, அதன் புலங்களை நிரலகத்தின் உள்கோப்பு ஒன்றில் வைத்துவிட வேண்டும். பயனரின் கம்பைலருக்கு அப்படி ஒரு வகை உண்டு என்று மட்டும் தெரியும்; அதன் அளவு தெரியாது. அளவு தெரியாததால் அதை மாறியாக அறிவிக்க முடியாது, நகலெடுக்க முடியாது, புலங்களைத் தொட முடியாது. அதற்கான பாயிண்டரை, அதாவது அதன் நினைவக முகவரியை மட்டும் வைத்துக்கொண்டு நிரலகத்தின் செயற்கூறுகளிடம் கொடுக்கவும் வாங்கவும் முடியும். 1.1.0 பதிப்பு செய்தது இதைத்தான். இணைப்பு, சான்றிதழ், பொதுத் திறவுகோல், பெரிய எண், ஹாஷ் நிலை, சைஃபர் நிலை என அதன் முக்கியமான வகைகள் பெரும்பாலும் பெயர் மட்டும் தெரியும் வகைகளாயின.

இதனால் பயனர் பக்கத்தில் மாறியவை இரண்டு. முதலாவது, ஸ்டாக்கில் இருந்தது ஹீப்புக்கு, அதாவது கேட்டுப் பெற்று, முடிந்ததும் விடுவிக்க வேண்டிய நினைவகப் பகுதிக்குப் போனது. ஹாஷ் கணக்கிட வேண்டுமானால் அதற்கான பொருளை உருவாக்கித் தரும்படி நிரலகத்திடம் கேட்க வேண்டும். நினைவகம் இல்லாமல் அது தோற்கலாம் என்பதால் அதையும் சரிபார்க்க வேண்டும். செயற்கூற்றிலிருந்து வெளியேறும் ஒவ்வொரு வழியிலும் அதை விடுவிக்க வேண்டும். முன்பு தோல்விக்கே இடமில்லாத ஓர் இடத்தில் இப்போது தோல்வி சாத்தியமாகிறது. இது உண்மையான விலை. மறைப்பதை ஆதரிப்பவர்கள் இதைப் பெரும்பாலும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள் என்பது என் குறை.

இரண்டாவது, புலங்களுக்குப் பதிலாகச் செயற்கூறுகள் வந்தன. ஆர்எஸ்ஏ திறவுகோலின் எண்களைப் படிக்க ஒன்று, அமைக்க ஒன்று. இவற்றின் பெயர்களில் வரும் பூஜ்யமும் ஒன்றும் அலங்காரத்துக்காக வந்தவை அல்ல. பெயரில் பூஜ்யம் உள்ள எடுப்புச் செயற்கூறு, உள்ளே இருக்கும் பொருளுக்கான பாயிண்டரையே தருகிறது; அதைப் பெற்றவர் விடுவிக்கக் கூடாது. பெயரில் ஒன்று இருந்தால், பெற்றவருக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. அவர் பிறகு விடுவிக்க வேண்டும். பூஜ்யம் உள்ள அமைப்புச் செயற்கூறோ, கொடுத்த பொருளின் உடைமையை நிரலகத்துக்கே மாற்றிவிடுகிறது. புலங்கள் திறந்திருந்த காலத்தில் இந்த உடைமை விதி ஒவ்வொரு நிரலாளரின் ஊகத்தில் இருந்தது; மூடியபின் அது பெயரிலேயே எழுதப்பட்டது. மறைப்பதால் கிடைக்கும் இந்தப் பலன் போதிய அளவு பேசப்படுவதில்லை.

மாற்றம் எளிதாக நடக்கவில்லை. 2017 ஜூனில் வெளியான லினக்ஸ் தொகுப்பான டெபியன் 9, ஓபன்எஸ்எஸ்எல் 1.0.2, 1.1.0 ஆகிய இரண்டையும் ஒருசேரக் கொண்டிருந்தது. புதிய இடைமுகத்துக்கு மாறாத நிரல்கள் அவ்வளவு இருந்தன. தொலைக் கணினிக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் ஓபன்எஸ்எஸ்ஹெச் போன்ற முதன்மையான நிரலே அவற்றில் ஒன்று. 2018 அக்டோபரில் வந்த அதன் 7.9 பதிப்புதான் 1.1 இடைமுகத்தோடு கம்பைல் ஆகும் வசதியை அதிகாரபூர்வமாகக் கொண்டுவந்தது. தடை எங்கே இருந்தது என்றால், புதிய எடுப்பு, அமைப்புச் செயற்கூறுகள் பழைய 1.0.2 பதிப்பில் சேர்க்கப்படவில்லை. இரண்டு பதிப்புகளையும் ஆதரிக்க விரும்பிய ஒவ்வொரு திட்டமும், பழைய பதிப்புக்காக அந்தச் செயற்கூறுகளைத் தானே எழுதி, பதிப்பு எண்ணைச் சோதிக்கும் நிபந்தனைக்குள் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அந்தச் சிறு கோப்பு எத்தனையோ திட்டங்களில் நகலெடுக்கப்பட்டு இன்றும் கிடக்கிறது. கதவை மூடுவதற்கு ஒரு பதிப்பு முன்னதாகவே புதிய வாசலைத் திறந்து வைத்திருந்தால், பயனர்கள் அவசரமின்றி நகர்ந்திருப்பார்கள். உள்வகையை மறைக்கத் திட்டமிடும் எந்த நிரலகமும் இந்த வரிசையைப் பின்பற்ற வேண்டும் என்றே நான் கருதுகிறேன். 2014இல் ஓபன்எஸ்எஸ்எல்லிலிருந்து பிரிந்த லிப்ரெஎஸ்எஸ்எல் நெடுநாள் திறந்த கட்டமைப்புகளோடே இருந்து, 2022இல் வந்த 3.5 தொடரில்தான் அவற்றை மூடியது. அந்த இடைவெளியில் புதிய செயற்கூறுகள் அதில் படிப்படியாகச் சேர்க்கப்பட்டன.

பலன் இரண்டே ஆண்டுகளில் தெரிந்தது. இணைய இணைப்பைப் பாதுகாக்கும் டிஎல்எஸ் நெறிமுறையின் 1.3 பதிப்பு 2018 ஆகஸ்டில் இறுதியாயிற்று. அதைத் தாங்கிய ஓபன்எஸ்எஸ்எல் 1.1.1 அடுத்த மாதம் 11ஆம் தேதி வெளியானது. டிஎல்எஸ் 1.3 சிறிய திருத்தமன்று. கைகுலுக்கல் முறை, திறவுகோல்களை வருவிக்கும் முறை, இணைப்பை மீண்டும் தொடங்கும் முறை ஆகிய யாவும் மாறின. இணைப்பு ஒன்றின் உள்நிலையை வைத்திருக்கும் கட்டமைப்பு இவற்றுக்கெல்லாம் இடம் தர வேண்டும். அப்படியிருந்தும் 1.1.1 பதிப்பு 1.1.0 உடன் மூல நிரல் அளவிலும் பைனரி அளவிலும் ஒத்துப்போவதாக அறிவிக்கப்பட்டது. 1.1.0 உடன் கம்பைல் ஆன நிரல்களில் பெரும்பாலானவை, நிரலகக் கோப்பை மாற்றி வைத்ததும் புதிய நெறிமுறையில் பேசத் தொடங்கின. கட்டமைப்பு எத்தனை பைட் வளர்ந்தது என்பது அந்த நிரல்களுக்குத் தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் இல்லை.

வகையின் பெயரை மறைப்பது வேறு, அதன் மீதான சார்பை மறைப்பது வேறு. இந்த வேறுபாட்டை, இணையத்தில் தரவைப் பெறவும் அனுப்பவும் உதவும் கர்ல் நிரலகத்தைப் போல் தெளிவாகக் காட்டும் இன்னொரு எடுத்துக்காட்டை நான் அறியேன். கர்ல் மறைப்பதில் தேர்ந்த நிரலகம். ஓர் இணைப்பைக் குறிக்கும் அதன் கைப்பிடி, பயனருக்கு வகையற்ற பாயிண்டராக, அதாவது எதைச் சுட்டுகிறது என்று சொல்லாத முகவரியாக மட்டுமே தெரியும். எல்லா அமைப்புகளும் ஒரே செயற்கூறு வழியாக விருப்ப எண்களால் செய்யப்படுகின்றன. இதனால் அதன் பைனரி அடையாள எண் 2006 அக்டோபரில் 4 ஆனபின் மாறவே இல்லை. ஆனால் அதே நிரலகத்தில், டிஎல்எஸ் இணைப்பு தொடங்குமுன் பயனரின் செயற்கூறு ஒன்றை அழைத்து, உள்ளே இருக்கும் டிஎல்எஸ் சூழல் பொருளை அதனிடம் கொடுக்கும் வசதி ஒன்று உண்டு. ஹெடரில் அதன் வகை வகையற்ற பாயிண்டர்தான். ஓபன்எஸ்எஸ்எல்லோடு கட்டப்பட்ட கர்லில் அது ஓபன்எஸ்எஸ்எல்லின் சூழல் பொருள் என்று ஆவணம் சொல்கிறது. பயனரும் அப்படியே எடுத்துக்கொண்டு ஓபன்எஸ்எஸ்எல்லின் செயற்கூறுகளை நேரடியாக அழைக்கிறார்.

இதன் விளைவைப் பாருங்கள். பயனர் நிரல் ஓபன்எஸ்எஸ்எல் 1.0.2 உடனும், கர்ல் ஓபன்எஸ்எஸ்எல் 1.1 உடனும் இணைக்கப்பட்டிருந்தால், ஒன்றின் பொருளை மற்றொன்றின் செயற்கூறு தவறாகப் படிக்கும். கர்லின் ஹெடரில் ஒரு வரிகூட மாறவில்லை, அதன் அடையாள எண்ணும் அதே 4தான். ஆனாலும் 1.0.2 உடன் கட்டிய கர்லும் 1.1 உடன் கட்டிய கர்லும் ஒன்றுக்கொன்று பொருந்தாதவை. இதன் காரணமாகவே டெபியனும் உபுண்டுவும் 1.1க்கு மாறியபோது கர்லின் தொகுப்புப் பெயரை லிப்கர்ல்3 என்பதிலிருந்து லிப்கர்ல்4 என்று மாற்றின. கோப்பின் பெயர் மாறாததால் இரண்டு தொகுப்புகளையும் ஒரே கணினியில் ஒன்றாக நிறுவ முடியவில்லை, உபுண்டு 18.04 பயன்படுத்திய பலர் இந்த மோதலை நேரில் சந்தித்திருப்பார்கள். பிறருடைய வகையை உங்கள் இடைமுகம் வழியாக ஒருமுறை நீட்டிவிட்டால், அவர்களுடைய மாற்றங்கள் அனைத்தும் உங்கள் மாற்றங்களாகிவிடுகின்றன.

வகையற்ற பாயிண்டரைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அது உள்ளிருப்பதை மறைக்கிறது. கூடவே கம்பைலரின் கண்ணையும் கட்டிவிடுகிறது. ஒரு கைப்பிடி கேட்ட இடத்தில் வேறொரு கைப்பிடியைக் கொடுத்தாலும் கம்பைலர் வாய் திறக்காது. பெயர் மட்டும் அறிவிக்கப்பட்ட கட்டமைப்பு இதே அளவு மறைக்கும், ஆனால் ஒன்றை இன்னொன்றாகக் கொடுத்தால் உடனே சுட்டிக்காட்டும். புதிதாக எழுதுபவர்களுக்கு இரண்டாவதே ஏற்றது.

அளவு என்ற சிக்கலுக்கு ஹீப் மட்டுமே தீர்வில்லை. 1983இல் தரப்படுத்தப்பட்ட ஏடா மொழியில், தொகுப்பின் வெளி வரையறையிலேயே தனிப்பகுதி ஒன்று உண்டு. வகையின் முழு அமைப்பும் அங்கே எழுதப்படும். கம்பைலர் அதைப் படித்து அளவைத் தெரிந்துகொள்ளும், பயனர் நிரலோ அதைத் தொட முடியாது. மாறியை ஸ்டாக்கில் வைக்கலாம். ஆனால் அமைப்பு மாறினால் பயனர் நிரலை மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். சிறிய கருவிகளுக்கான டிஎல்எஸ் நிரலகமான எம்பெட் டிஎல்எஸ்ஸின் 2021 ஜூலையில் வந்த 3.0 பதிப்பு ஏறக்குறைய இதே இடத்துக்கு வேறு வழியில் வந்தது. அத்தகைய கருவிகளில் ஹீப்பை நம்ப முடியாது என்பதால், கட்டமைப்புகளின் வரையறையை ஹெடரிலேயே விட்டுவைத்து, பெரும்பாலான புலங்களின் பெயர்களுக்கு முன்னால் தனிப்பட்டது என்ற பொருள் தரும் முன்னொட்டைச் சேர்த்தது. விரும்பியவர் அதையும் மீறித் தொடலாம், ஆனால் தான் எல்லையைத் தாண்டுவது அவருடைய மூல நிரலிலேயே எழுத்தில் தெரியும். பயனர்களுக்கு உண்மையில் தேவைப்பட்ட சில புலங்களுக்கான எடுப்புச் செயற்கூறுகள் பின்வந்த பதிப்புகளில் சேர்ந்தன.

புலங்கள் எதையும் யாரும் தொடாதபோதும் அளவு மட்டுமே கசியலாம் என்பதற்கு ஆண்ட்ராய்டின் சி நிரலகம் நல்ல சான்று. உள்ளீடு, வெளியீடு, பிழை என்ற மூன்று நிலையான கோப்புகளும் அதில் ஓர் அணியின் (ஒரே வகைத் தரவு வரிசையின்) அடுத்தடுத்த உறுப்புகளாக இருந்தன. அவற்றின் பெயர்கள் அந்த அணியின் உறுப்பு முகவரிகளுக்கான மேக்ரோக்கள். வெளியீட்டுக் கோப்பின் முகவரியைக் கண்டுபிடிக்க, கோப்புக் கட்டமைப்பின் அளவைப் பயனர் நிரல் அறிந்திருக்க வேண்டும். எனவே ஒரு வரி அச்சிடும் நிரல்கூட அந்த அளவைத் தன்னுள் சுமந்தது. ஆண்ட்ராய்டு 6.0இல் அந்த மூன்றும் தனித்தனிப் பாயிண்டர்களாக வெளியிடப்பட்டன. ஆனால் பழைய செயலிகளுக்காக அணியும் அதன் அளவும் அப்படியே நிற்க வேண்டியதாயிற்று.

ரஸ்ட் மொழி இந்தக் கவனத்தைக் கம்பைலரிடமே ஒப்படைத்தது. தனிப்பட்ட வகையொன்றைப் பொதுச் செயற்கூறு திருப்பித் தந்தால் அது நெடுங்காலம் பிழையாகக் கருதப்பட்டது; 2023 நவம்பரில் வந்த 1.74 பதிப்பிலிருந்து பெரும்பாலான இடங்களில் எச்சரிக்கையாகத் தளர்த்தப்பட்டது. 2018 மே மாதத்தின் 1.26 பதிப்பு, திரும்பி வரும் வகையின் பெயரைச் சொல்லாமல் அதன் பண்பை மட்டும் சொல்லும் வசதியைத் தந்தது. ஆயினும் இதிலும் ஒரு கசிவு உண்டு. அந்தப் பெயரற்ற வகையை இன்னொரு இழைக்கு (ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் இன்னொரு ஓட்டத்துக்கு) அனுப்பலாமா கூடாதா என்பதை, உள்ளே இருக்கும் உண்மையான வகையைப் பார்த்தே கம்பைலர் முடிவு செய்கிறது. ஆசிரியர் உள்ளே ஒரு புலத்தின் வகையை மாற்ற, இழைகளுக்கிடையே அதை அனுப்பிக்கொண்டிருந்த பயனரின் நிரல் கம்பைல் ஆகாமல் போகலாம், செயற்கூற்றின் அறிவிப்பில் எழுத்தொன்றும் மாறாதபோதே.

எடுப்புச் செயற்கூறுகளும் கசியக்கூடியவையே. உள்ளே இருக்கும் பொருளின் பாயிண்டரை அப்படியே தரும் செயற்கூறு, அத்தகைய பொருள் ஒன்று உள்ளே என்றென்றும் இருக்கும் என்றும் சொல்லிவிடுகிறது. 2021 செப்டம்பர் 7 அன்று வெளியான ஓபன்எஸ்எஸ்எல் 3.0 இந்தச் சிக்கலில் மாட்டியது. புதிய வடிவமைப்பில் திறவுகோல்கள் வழங்கி எனப்படும் தனிப் பகுதிகளிடம் இருக்கின்றன. அவை வன்பொருளுக்குள்கூட இருக்கலாம். பொதுத் திறவுகோலிலிருந்து ஆர்எஸ்ஏ பொருளை எடுத்துத் தரும் பழைய செயற்கூறு இன்னும் வேலை செய்ய வேண்டும்; ஆனால் தருவதற்கு உள்ளே அப்படியொரு பொருள் இல்லாமல் இருக்கலாம். ஆகவே அது ஒரு நகலை உண்டாக்கிச் சேமித்துத் தருகிறது. திருப்பித் தரும் வகையும் மாற்றக் கூடாதது என்று குறிக்கப்பட்டது. முன்பு அந்தப் பொருளில் செய்த மாற்றம் மூலத் திறவுகோலைச் சென்றடைந்தது. இப்போது அந்த நகலில் எதை எழுதினாலும் மூலத்தில் பிரதிபலிக்காது. 2016இல் புலங்களை மூடியவர்கள், அந்த எடுப்புச் செயற்கூறு மூலம் விட்டுவைத்த பாதையை அடைக்க இன்னும் ஐந்தாண்டு ஆயிற்று.

எல்லாவற்றையும் மூட வேண்டும் என்று இதற்குப் பொருளில்லை. நொடியும் நானோநொடியும் மட்டும் கொண்ட நேரக் கட்டமைப்பை மறைத்து, இரண்டு எண்களுக்கு நான்கு செயற்கூறுகள் எழுதுவது வீண் சுமை. பொருள் மாறாத, உள்ளே ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டிய நிபந்தனை எதுவுமில்லாத வெறும் தரவு திறந்தே இருக்கலாம். வளரக்கூடிய வெறும் தரவுக்குக் கர்ல் கடைப்பிடிக்கும் முறை எனக்குப் பிடித்தது. தன் பதிப்பு விவரங்களைச் சொல்லும் கட்டமைப்பை அது முழுமையாகத் திறந்து வைத்திருக்கிறது, ஆனால் அதைப் பயனர் ஒதுக்குவதில்லை. நிரலகமே தன்னிடமுள்ள ஒன்றுக்கான பாயிண்டரைத் தருகிறது. அதன் முதல் புலம் அந்தக் கட்டமைப்பின் வயது. புதிய புலங்கள் கடைசியில் மட்டுமே சேரும், சேரும்போதெல்லாம் வயது ஒன்று கூடும். ஒரு புலத்தைப் படிக்குமுன் பயனர் வயதைப் பார்க்க வேண்டும். போதிய வயதில்லையென்றால் அந்தப் புலம் அங்கே இல்லை.